மகளுக்கு எந்த எம்.பி.ஏ.?



புளியும் மிளகாய் வற்றலும் வருஷம் பூரா கெடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்கு இருக்கட்டும். போடியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "என் மகள் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறாள். மேற்கொண்டு எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்கிறாள். ஒருவர் மதுரை என்கிறார், ஒருவர் கோயமுத்தூர் என்கிறார், இன்னொருவர் வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்கிறார். நான் எட்டாவதோடு நின்றவள். யார் சொல்வதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றில் ஒரு கலக்கமும் வந்தது. போன வருஷம் இதே கேள்வி எங்கள் வீட்டைப் படுத்திய பாடு அப்படி! நான் மட்டும் என்ன பெரிய படிப்பாளியா? பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணமாகிக் கம்பத்துப் பக்கம் வந்தவள்தான். ஆனாலும் அந்த மூன்று மாதத்தில் நாலு பேரிடம் விசாரித்து, இரண்டு ஊருக்கு அலைந்து, கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வீட்டில் நடந்த ரகளை

எங்களுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். மூத்தவள் பி.காம். முடித்தாள். "அம்மா, நான் எம்.பி.ஏ. படிக்கணும்" என்றாள். அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர், "படிக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. வீட்டுலருந்தே தபால்ல படிக்கட்டும். அதுவும் எம்.பி.ஏ.தான, இதுவும் எம்.பி.ஏ.தான?" என்றார்.

என் கொழுந்தனார் கோயமுத்தூரில் மில் வேலையில் இருக்கிறவர். "அண்ணே, படிச்சா பெரிய இடத்துல படிக்கணும். இங்க ஒரு காலேஜ் இருக்கு, கட்டடமே ஏ.சி. ரெண்டு வருஷத்துக்கு ஏழு லட்சம். இருபத்தஞ்சாயிரம் கட்டிட்டா சீட்டைப் பிடிச்சு வச்சுடலாம். ஒரு வாரந்தான் டயம்" என்று போனில் அவசரப்படுத்தினார்.

அப்பத்தாவோ, அதாவது என் மாமியார், "அந்த ஏழு லட்சத்துக்கு நகையப் போட்டு ஒரு நல்ல எடத்துல கட்டிக் குடுத்துட்டா உங்க கடமை முடிஞ்சது. இன்னும் ரெண்டு வருஷம் போனா மாப்பிள்ளை எங்க கெடைப்பான்?" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

எல்லோரும் பேசினார்கள். ஆனால் ஒருவராவது, 'தாயி, நீ எதுக்காக இதைப் படிக்கணும்னு நெனைக்கிற?' என்று அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான் கேட்டேன். அவள் சொன்ன பதிலை இன்னும் நான் மறக்கவில்லை.

"அப்பாவுக்குப் பழம் வளர்க்கத் தெரியும்மா, விக்கத் தெரியல. நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க. இருந்தும் வியாபாரி சொல்ற விலைக்குத்தான குடுக்குறோம்? நான் மார்க்கெட்டிங் படிக்கணும். முதல்ல வெளிய ஒரு கம்பெனியில வேலை பார்த்துக் கத்துக்கிட்டு வரணும்."

ஒன்பதாம் வகுப்பிலிருந்து தோட்டத்து எடைக் கணக்கு நோட்டை எழுதுகிறவள் அவள்தான். எனக்கு அதற்கு மேல் யோசனை வேண்டியிருக்கவில்லை. படிக்க வைப்பது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஆனால் எங்கே என்பதுதான் தெரியவில்லை.

பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு

போடியில் ஏலக்காய் ஏலம் நடப்பது நமக்கெல்லாம் தெரியும். எல்லாம் ஏலக்காய்தான். ஆனால் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, கீழே விழுகிற காய்க்கு வேறு விலை. எம்.பி.ஏ.வும் அப்படித்தான் என்று எனக்குப் புரிய வைத்தவர் என் மகளுடைய கல்லூரிப் பேராசிரியை. "கட்டடத்தைப் பார்க்காதீங்கம்மா. பட்டத்துல யாரு கையெழுத்துப் போடுறாங்கன்னு முதல்ல பாருங்க" என்றார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

முதலாவது, பல்கலைக்கழகமே தன் வளாகத்தில் நடத்துகிற படிப்பு. நமக்குப் பக்கத்தில் மதுரை காமராஜர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாக ஆரம்பித்து, 1978-ல் காமராஜர் பெயர் பெற்றது. அதற்கு அப்புறம் காரைக்குடியில் 1985-ல் வந்த அழகப்பா பல்கலைக்கழகம். இரண்டிலும் நிர்வாகவியல் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள். பாடம் நடத்துவது கல்லூரி, பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். பொறியியல் கல்லூரிகளில் இருக்கிற எம்.பி.ஏ. பெரும்பாலும் 1978-ல் ஏற்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். கலைக் கல்லூரி என்றால் நம் பக்கத்தில் காமராஜர் பல்கலைக்கழகம். மகளிர் கல்லூரிகளில் சில, கொடைக்கானலில் 1984-ல் ஆரம்பித்த அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. 'தன்னாட்சி' என்று போர்டில் போட்டிருந்தால், பாடத்திட்டமும் பரீட்சையும் அந்தக் கல்லூரியுடையது, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது என்று அர்த்தம். மதுரையில் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1962-ல் தொடங்கிய தியாகராஜர் மேலாண்மைப் பள்ளி இந்த வகை.

மூன்றாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். இவை தாங்களே பட்டம் கொடுக்கும். கட்டணம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

நாலாவதுதான் நம்மைக் குழப்புவது. பி.ஜி.டி.எம். என்று சொல்வார்கள். இது பட்டம் அல்ல, டிப்ளமோ. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் சேராத தனி நிறுவனங்கள் இதைத் தருகின்றன. டிப்ளமோ என்றதும் மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆமதாபாத், கல்கத்தா ஊர்களில் 1961-ல் ஆரம்பித்த ஐ.ஐ.எம்.களே வெகுகாலம் டிப்ளமோதான் கொடுத்துக்கொண்டிருந்தன. 2017-ல் இயற்றிய சட்டம் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த பிறகுதான் அவற்றுக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடைத்தது. ஆனால் எல்லா டிப்ளமோவும் ஐ.ஐ.எம். டிப்ளமோ ஆகிவிடுமா? தனி நிறுவனம் நடத்தும் பி.ஜி.டி.எம்.முக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. என்று எழுதியிருப்பார்கள். அந்த அனுமதி இருக்கிறதா, இந்த வருஷத்துக்கும் இருக்கிறதா என்று அந்தக் குழுவின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். பிற்பாடு அரசு உத்தியோகம், ஆராய்ச்சிப் படிப்பு என்று போக நினைக்கிற பிள்ளைகள், அந்த டிப்ளமோவை எம்.பி.ஏ.வுக்குச் சமமாக ஏற்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொழுந்தனார் சொன்ன ஏ.சி. கட்டடம் இந்த நாலாவது வகை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அவருக்கும் தெரியாது, பாவம்.

எங்கள் தெருவில் ஒரு மருமகள்

'தபாலில் படிக்கட்டும்' என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்குப் பயம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு மருமகள், கெட்டிக்காரப் பெண். கல்யாணத்துக்கு முன்னால், எங்கோ வடக்கே இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ.வை, மாடியில் ஒரு அறை எடுத்து நடத்திய 'படிப்பு மையம்' மூலம் படித்தாள். பணம் கட்டினாள், பரீட்சை எழுதினாள், சான்றிதழும் கைக்கு வந்தது. பிற்பாடு வேலை பார்த்த இடத்தில் பதவி உயர்வு சமயத்தில் சான்றிதழைச் சரிபார்த்தார்கள். அந்த வருஷங்களில் அந்தப் படிப்புக்கு அனுமதியே இல்லை என்று பதில் வந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே தையல் கடை! இரண்டு வருஷ உழைப்பு, அப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம், எல்லாம் ஒரு காகிதத்தோடு போயிற்று. அவள் அதைப் பற்றி இன்றைக்கும் பேச மாட்டாள்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். சத்தீஸ்கர் மாநிலத்தில் 2002-ல் ஒரு சட்டம் போட்டு, கொஞ்ச காலத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. பேராசிரியர் யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பல்கலைக்கழகங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே பணம் கட்டிச் சேர்ந்த பிள்ளைகளின் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள்.

அதற்காக வீட்டிலிருந்து படிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கிற இளம் தாய்மாருக்கு அதுதான் வழி. மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழிக் கல்வி 1971-லேயே வந்துவிட்டது. 1985-ல் ஏற்பட்ட இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டத்தையும் நேரில் படித்த பட்டத்துக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் அறிவித்தும் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஒன்று, மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா, அதில் எம்.பி.ஏ. என்ற படிப்பு இருக்கிறதா, நீங்கள் சேருகிற அந்த வருஷத்துக்கு இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' வர வேண்டும். போன வருஷம் இருந்தது என்பது போதாது. இரண்டு, தொலைநிலைப் படிப்பை யாருக்காவது குத்தகைக்கு விட்டு நடத்த அனுமதி கிடையாது. வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மையம் என்று நம் ஊரில் போர்டு மாட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். மூன்று, பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கட்டுங்கள். இடையில் இருக்கிறவர் கையில் கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே வேலையில் இருந்துகொண்டு, பதவி உயர்வுக்காகப் படிக்கிறவர்களுக்கு இந்த வழி பொருத்தம். ஆனால் இருபத்தொரு வயதில், இதுவரை ஒரு கம்பெனி வாசலையும் மிதிக்காத பெண்ணுக்கு? எம்.பி.ஏ.வில் பாதிப் படிப்பு புத்தகத்தில் இல்லையாம். நாலு பேரோடு சேர்ந்து ஒரு கணக்கைப் போடுவது, எழுந்து நின்று பேசுவது, நடுவில் இரண்டு மாதம் ஒரு கம்பெனியில் போய்ப் பழகுவது, கடைசியில் கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அது. இதை நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் 'தபால்' பேச்சை விட்டார்.

நுழைவுத் தேர்வு

எந்தத் தேர்வு எழுதுகிறோமோ, அந்தக் கதவுதான் திறக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட் என்கிற தேர்வு. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் மார்ச் மாதத்தில் நடந்தது. விண்ணப்பத்தை அதற்கு முன்னாலேயே போட வேண்டும் என்பதால், பொங்கல் முடிந்ததுமே இணையதளத்தைப் பார்த்துவருவது நல்லது. இரண்டு மணி நேரம், நூறு கேள்வி. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். தெரியாததைத் தொடாமல் விடப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். டிகிரியில் 50 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. மதுரையிலேயே எழுதலாம்.

தேர்வு எழுதினால் மட்டும் போதாது. கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். எம்.பி.ஏ. கலந்தாய்வைக் கோயமுத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்துகிறது. இதைத் தெரியாமல் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்து, வருஷத்தைத் தொலைத்த பிள்ளைகளும் உண்டாம். கலந்தாய்வில் கிடைக்கிற இடத்துக்கும், நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்குகிற இடத்துக்கும் கட்டணத்தில் வித்தியாசம் உண்டு.

ஐ.ஐ.எம். என்றால் கேட் தேர்வு, அது நவம்பர் கடைசியில் நடக்கும். 2011-ல் திருச்சியில் வந்த ஐ.ஐ.எம்.முக்கும் அதுதான். ஆசை இருக்கிற பிள்ளை டிகிரி இரண்டாம் வருஷத்திலிருந்தே தயார் செய்ய வேண்டும். என் மகள் டான்செட் மட்டும்தான் எழுதியிருந்தாள். அதனால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

பணக் கணக்கு

கல்லூரிக்காரர்கள் கொடுக்கிற தாளில் படிப்புக் கட்டணம் மட்டும் பெரிசாக இருக்கும். நான் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, கூட எழுதிக்கொண்டே போனேன். விடுதி, சாப்பாடு, புத்தகம், பரீட்சைக் கட்டணம், கம்பெனியில் பழகப் போகிற இரண்டு மாதச் செலவு, ஒரு மடிக்கணினி, நல்லதாக நாலு சுடிதார், மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போகிற பஸ் சார்ஜ். கோயமுத்தூர் ஏழு லட்சம், எட்டரை லட்சத்தைத் தாண்டியது!

அடுத்தது கடன். வங்கிக் கல்விக் கடனில் பொதுவாக நாலு லட்சம் வரை ஈடு எதுவும் கேட்பதில்லை. பெற்றோர் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை மூன்றாம் ஆள் ஜாமீன், அதையும் தாண்டினால் சொத்து ஈடு. வித்யாலட்சுமி என்ற அரசு இணையதளம் வழியாக விண்ணப்பம் போடலாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வட்டி என்னவோ முதல் நாளிலிருந்தே ஏறும். அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவந்தால் பின்னால் பாரம் குறையும்.

ஒரு கணக்குப் பாருங்கள். வட்டி 10 சதவீதம், ஏழு வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மூன்று லட்சம் கடனுக்கு மாதம் ஏறக்குறைய 5,000 ரூபாய். மொத்தம் 4 லட்சத்து 18 ஆயிரம் திருப்பிக் கட்டுவோம். ஏழு லட்சத்துக்கு மாதம் 11,600 ரூபாய். மொத்தம் 9 லட்சத்து 76 ஆயிரம்! வேலைக்குப் போன முதல் வருஷத்தில், வெளியூரில் அறை வாடகையும் கொடுத்துக்கொண்டு, ஒரு பெண் எப்படி மாதம் 11,600 கட்டுவாள்? கல்யாணமானால் அந்தக் கடன் யார் தலையில்? இதை எழுதிக் காட்டியதும் கொழுந்தனாரே, "மதினி, நான் இதை யோசிக்கவே இல்ல" என்றார்.

அந்த இருபத்தைந்தாயிரம் அவசரம் இருக்கிறதே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் பிள்ளை வேண்டாம் என்று விலகினால், ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. விதி இருக்கிறது. 'இன்றைக்கே கட்டு, இல்லாவிட்டால் போச்சு' என்று விரட்டுகிற இடத்தில் நான் சேலைகூட எடுக்க மாட்டேன், படிப்பையா வாங்குவேன்?

நேரில் போய்ப் பாருங்கள்

கல்லூரியைப் பார்க்கப் போனால் அலுவலக அறையோடு திரும்பிவிடாதீர்கள். நானும் மகளும் கம்பத்தில் விடிகாலை பஸ் ஏறி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, ஒரே நாளில் இரண்டு இடம் பார்த்தோம். கேன்டீனில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு, இரண்டாம் வருஷப் பெண்கள் உட்கார்ந்திருந்த மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டேன். மகளுக்கு ஒரே வெட்கம்! ஆனால் அரை மணியில் எங்களுக்குத் தெரிந்த விஷயம் எந்த விளம்பரத் தாளிலும் இல்லை.

நான் கேட்டவை இவைதான். மார்க்கெட்டிங், பைனான்ஸ், மனிதவளம் என்று இரண்டாம் வருஷத்தில் பிரிவார்களே, நமக்கு வேண்டிய பிரிவுக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? போன வருஷம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது ஒரே ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கும். 'நடுவில் இருக்கிற பிள்ளைக்கு எவ்வளவு?' என்று கேளுங்கள். அலையாத் தெரியாத ஊரில் கம்பெனிப் பழக்கத்துக்கு இடம் கல்லூரி பிடித்துத் தருமா, பிள்ளையே அலைய வேண்டுமா? விடுதி வளாகத்துக்குள்ளா, வெளியிலா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வகுப்பு இருந்தால் யார் கொண்டுவந்து விடுவார்கள்?

ஒரு கல்லூரியில் இந்தக் கேள்விகளுக்குப் பதிலே இல்லை. 'சேருங்க, பாத்துக்கலாம்' என்றார்கள். இன்னொன்றில் கட்டடம் பழசு, மின்விசிறி சத்தம் போட்டது. ஆனால் ஒரு பெண், "ஆன்ட்டி, எங்க சார் எங்களைப் பழ மார்க்கெட்டுக்கே கூட்டிட்டுப் போய் விலை எப்படி ஏறுது இறங்குதுன்னு எழுதச் சொன்னாரு" என்றாள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் என்ன செய்தோம்?

அந்தப் பழைய கட்டடம்தான். கலந்தாய்வில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து போய்வர முடியுமா என்றும் பார்த்தோம். பல வருஷம் நின்றிருந்த மதுரை-தேனி ரயில் 2022 மே மாதம் அகலப் பாதையில் மறுபடி ஓட ஆரம்பித்ததே, அது உதவுமா என்று நினைத்தேன். அப்போது வைத்த நேரமோ, காலையில் மதுரையிலிருந்து கிளம்பித் தேனிக்கு வந்து, சாயங்காலம் திரும்பிப் போகிற மாதிரி. நமக்குத் தலைகீழ்! பஸ்ஸில் போகவர ஆறு மணி நேரம். அதனால் விடுதி என்று முடிவாயிற்று.

மூன்று லட்சம் கடன். வங்கியில் என் வீட்டுக்காரரோடு நானும் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் ரேஷன் கார்டையும் பள்ளிக்கூட ரிப்போர்ட்டையும் தவிர வேறு எதிலும் கையெழுத்துப் போடாதவள் நான். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. அந்தப் பிள்ளை கட்ட முடியாமல் போனால் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்று மேலாளர் படித்துக் காட்டினார். தெரிந்தேதான் போட்டேன்.

அப்பத்தா மூன்று வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு வரன் இதனால் தட்டிப்போனது என்பதும் வாஸ்தவம். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

சேர்ந்த முதல் இரண்டு மாதம் மகள் தினமும் ராத்திரி போனில் அழுதாள். கணக்குப் பதிவியல் அவளுக்குச் சுலபம். ஆனால் தமிழ் வழியில் படித்தவள், இங்கிலீஷில் எழுந்து நின்று பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். இதைச் சேருவதற்கு முன்னால் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். பரீட்சை முடிந்து வகுப்பு தொடங்குகிற வரை இரண்டு மூன்று மாதம் சும்மா இருக்கும். அந்த நாளில் தினமும் ஒரு பக்கம் இங்கிலீஷ் பேப்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததை உங்களிடமே இங்கிலீஷில் சொல்லச் சொல்லுங்கள். நமக்குப் புரியாவிட்டால் என்ன? கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும். சதவீதம், சராசரி, வட்டிக் கணக்குகளையும் ஒரு தடவை புரட்டச் சொல்லுங்கள்.

இப்போது முதல் பருவம் முடிந்திருக்கிறது. எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். இங்கிலீஷ் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. போன வாரம் வந்திருந்தபோது, வரவு செலவு நோட்டைப் பார்த்துவிட்டு, பெட்டிக்கு ஆகிற செலவைத் தனியாக எழுதாததால் நமக்கு நஷ்டம் எங்கே என்றே தெரியவில்லை என்று அப்பாவோடு சண்டை பிடித்தாள். அவர் முகத்தைச் சுளித்தார். மறுநாள் தனியாக எழுத ஆரம்பித்துவிட்டார். அப்பத்தா மெதுவாக என் பக்கம் வந்து, "விடுதியில தயிர் ஊத்துறாங்களாமா?" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

போடிச் சகோதரிக்கு நான் சொல்வது இதுதான். முதலில் உங்கள் மகளை உட்கார வைத்து, எதற்காகப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று கேளுங்கள். பிறகு பட்டம் கொடுப்பது யார், இந்த வருஷம் அனுமதி உண்டா என்று பாருங்கள். அப்புறம் முழுச் செலவையும் மாதத் தவணையையும் ஒரே தாளில் எழுதுங்கள். கடைசியாக அங்கே படிக்கிற பெண்களிடம் நேரில் பேசுங்கள். இந்த நாலுக்கும் எட்டாவது வரை படித்தது தாராளமாகப் போதும். மார்க்கெட்டில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற நமக்கு இது வராதா என்ன?

அடுத்த இதழில் மறக்காமல் புளியும் மிளகாய் வற்றலும்!